15ஆம் இலக்கம்: கல்லடிக் கார்ட் சேகரிப்பாளர் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

கல்முனைப் பக்கத்துப் பாண்டிருப்பிலிருந்து வந்த தகப்பன் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் நீலப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ரப்பர் பட்டி போட்டுக் கட்டிய போக்கிமோன் கார்ட்டுகள், கற்பனைப் பிராணிகளின் படம் போட்ட விளையாட்டுக் கார்ட்டுகள், அறுபதுக்குக் கிட்ட இருக்கும். பன்னிரண்டு வயது மகன் பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் பக்கத்தில் நின்றான்.

"சேர், இதுக்குள்ள ஒண்டு முதலாம் பதிப்பு. முத்திர இரிக்கு. நான் நெட்ல பாத்துட்டுத்தான் வாறன். ஒண்டரை லட்சத்துக்குக் குறைய குடுக்கிற எண்ணமில்ல."

மாஸ்டர் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "முதல்ல இதக் கழட்டுவம் தம்பி" என்று மகனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ரப்பர் பட்டியை இழுக்காமல், கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். மேலும் கீழும் இருந்த இரண்டு கார்ட்டுகளின் விளிம்பிலும் பட்டி அழுத்திய தடம் விழுந்திருந்தது. அதைப் பையனுக்கு வெளிச்சத்தில் சரித்துக் காட்டினார். பையன் தன் விரலால் அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்தான்.

அது ஒரு போயா நாள். ஏழெட்டு வருடமாகப் போயா லீவுகளில் நான் மட்டக்களப்பில் உள்ள கல்லடிக்குப் போய் மாஸ்டர் வீட்டு விறாந்தையில் இருப்பது வழக்கம். அன்று அந்த மேசையில் நடந்ததையும், மூன்று கிழமை கழித்து நடந்ததையும் முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். ஒருவரை எப்போது உண்மையான கார்ட் சேகரிப்பாளர் என்று சொல்லலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் எத்தனை கார்ட், எவ்வளவு காசு என்று இரண்டில் ஒன்றைத்தான் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் இல்லை என்பது என் முடிவு. தன்னிடம் இல்லாதது எது என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவர்தான் சேகரிப்பாளர். மாஸ்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இது விளங்கியது.

ஆளும் கொப்பியும்

அவருக்கு நாற்பது கடந்துவிட்டது. கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வீட்டில் இப்படியொரு சேகரிப்பு இருப்பதை ஊருக்குச் சொல்வது புத்தியல்ல. ஆகவே மாஸ்டர் என்றே எழுதுகிறேன், நான் கூப்பிடுவதும் அப்படித்தான்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகு, வெளிநாட்டுக்குப் போன சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஊரைப் பார்க்க வந்த காலம் நினைவிருக்கும். அப்படி லண்டனிலிருந்து வந்த மச்சான் ஒருவன், தனக்கு அலுத்துப்போன போக்கிமோன் கார்ட்டுகளை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மாஸ்டருக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அப்போது மாஸ்டருக்குப் பதினேழு வயது. விளையாட்டின் விதி தெரியாது, கூட விளையாட ஆளும் இல்லை. அவரைப் பிடித்தது கார்ட்டின் அடி மூலையில் இருந்த எண். 58/102 என்று ஒன்றில் இருந்தது, 44/102 என்று இன்னொன்றில். மொத்தம் 102 என்றால் மிச்சம் எங்கே?

ஜப்பானில் 1996 ஒக்டோபரில் தொடங்கிய இந்த விளையாட்டின் ஆங்கிலக் கார்ட்டுகளை, 1999 ஜனவரியில் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. முதல் தொகுதியில் 102 கார்ட். அதில் 16 மட்டும் படத்தில் பளபளப்புத் தாள் வைத்தவை. அடி மூலையில் வட்டம் இருந்தால் சாதாரணம், சாய்சதுரம் இருந்தால் கொஞ்சம் அரிது, நட்சத்திரம் இருந்தால் அரிது. இவ்வளவையும் மாஸ்டர் தானாகவே தகரத்துக்குள் இருந்ததைப் பரப்பிவைத்துக் கண்டுபிடித்தார். கேட்க ஆளில்லாத ஊரில் கார்ட்டே கார்ட்டுக்குப் பாடம் சொன்னது.

2004 டிசம்பர் 26 அந்தத் தகரத்தையும் கொண்டுபோனது. அன்றைக்கு அந்தக் குடும்பம் இழந்ததோடு வைத்துப் பார்த்தால் கார்ட்டை ஓர் இழப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சொன்னதும் இல்லை. ஆனால் நலன்புரி முகாமில் இருந்த மாதங்களில், உதவியாக வந்த சீ.ஆர். கொப்பி ஒன்றில் 1 முதல் 102 வரை இலக்கமிட்டு, தன்னிடம் இருந்தவை எவை என்று நினைவிலிருந்து எழுதியிருக்கிறார். 63 இலக்கங்களுக்கு நேரே சிறு கோடு, மிச்சம் 39 வெறுமை. கையில் ஒரு கார்ட்டும் இல்லாத நேரம் அது. என்னைக் கேட்டால் அவருடைய சேகரிப்பு தொடங்கியது அந்தப் பக்கத்தில்தான். தகரம் கையில் இருந்த இரண்டு வருடமும் அவர் கார்ட் வைத்திருந்த ஒரு பொடியன், அவ்வளவுதான்.

அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. மட்டை பிய்ந்து பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறார். நினைவுக் கோடுகள் பென்சிலில், பிறகு உண்மையில் கைக்கு வந்தவை நீலப் பேனையில். ஒவ்வொன்றுக்கும் எதிரே திகதி, யாரிடமிருந்து, என்ன கொடுத்து வாங்கியது, விளிம்பும் மூலையும் எப்படி என்று நுணுக்கி எழுதிய ஒரு வரி.

இந்தக் கொப்பியைப் பார்க்கும்போதெல்லாம் ஜெஃபர்சன் பேர்டிக் என்ற அமெரிக்கர் எனக்கு நினைவுக்கு வருவார். நியூயோர்க் மாநிலத்தில் சிரக்கியூஸ் நகரில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் வேலை செய்த மனிதர். பணக்காரர் இல்லை, மூட்டுவாதத்தில் விரல் மடங்கிப்போனவர். சிகரெட் பெட்டி, மிட்டாய், சுவிங்கம் எதனோடு வந்த கார்ட்டானாலும் அதை வகைபிரித்துக் குறியீடு போட்டு ஒரு பட்டியல் செய்தார். தான் சேர்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே இருந்து வருடக்கணக்காக அல்பங்களில் ஒட்டி, 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். மார்ச்சில் இறந்துபோனார். உலகத்தின் புகழ்பெற்ற கார்ட்டான ஹோனஸ் வாக்னரின் பேஸ்போல் கார்ட் T206 தொகுதியைச் சேர்ந்தது என்கிறோம். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வந்த தொகுதி அது. அந்த T206 என்ற பெயர் கம்பனி வைத்ததல்ல, பேர்டிக்கின் பட்டியல் இலக்கம். 2022இல் அந்த வாக்னர் கார்ட் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டொலருக்குக் கைமாறியது. கோடிகள் புழங்கும் சந்தை இன்றைக்கும் ஒரு தொழிலாளி எழுதிய இலக்கத்தைச் சொல்லித்தான் பேசுகிறது.

வேலி

கொப்பி மட்டும் போதாது, வேலியும் வேண்டும். எதைச் சேர்க்க மாட்டேன் என்ற வேலி.

மாஸ்டரின் வேலி மிகக் குறுகியது. அந்த முதல் தொகுதி பல முறை அச்சானது. முதலாம் பதிப்பு முத்திரை உள்ளது ஒன்று. படச் சட்டத்தின் வலது பக்கம் நிழல் இல்லாதது இன்னொன்று. நிழல் சேர்த்து ஏராளமாக அச்சிட்டது மற்றொன்று. கடைசியாக, கார்ட்டின் அடிவரியில் 1999–2000 என்று இரண்டு வருடமும் போட்டு இங்கிலாந்துக் கடைகளுக்கு வந்த அச்சு. நிறம் சற்று வெளிறலாக இருக்கும். லண்டன் மச்சானின் தகரத்தில் இருந்தது இதுதான். ஆகவே மாஸ்டர் இதை மட்டுமே சேர்க்கிறார். முதலாம் பதிப்பு கிடைத்தாலும் வேண்டாம், நிழலில்லாதது கிடைத்தாலும் வேண்டாம். யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தால் வாங்கி, உபரிப் பெட்டியில் போட்டு, பிறகு வேறொரு பிள்ளையின் கைக்கு அனுப்பிவிடுவார்.

எண்ணிக்கையைப் பெருக்குகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. ஆனால் இந்த வேலிதான் அவருடைய கண்ணைக் கூராக்கியது. இணையத்தில் விற்கிறவர்கள் பெரும்பாலும் அடிவரியை எழுதுவதில்லை. படத்தை மட்டும் போடுவார்கள். அடிவரியில் உள்ள எழுத்து ஒரு மில்லிமீற்றர் உயரம்கூட வராது. மாஸ்டர் அந்தப் படத்தைப் பெருப்பித்து, எழுத்து கரைந்து வெறும் சாம்பல் கோடாகத் தெரிந்தாலும், கோட்டின் நீளத்தை வைத்து 1999ஆ 1999–2000ஆ என்று சொல்லிவிடுவார். நான் பார்த்த அளவில் பிழைத்ததில்லை.

சிறுபிள்ளையில் நாங்கள் தீப்பெட்டிப் படமும் சிகரெட் பெட்டி மட்டையும் சேர்த்தோம். வீதியில் கிடந்ததையெல்லாம் பொறுக்கினோம். அதில் சந்தோசம் இருந்தது, இன்றைக்கும் அதைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் வேலி இல்லை. அதனால் ஒரு மாரியில் எல்லாம் நனைந்து போனபோது, போனது என்ன என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

மாரியும் கச்சானும்

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் கல்லடியில் காகிதம் வைத்துக் காப்பது ஒரு தனி வேலை. குளிர்நாட்டு ஆட்கள் சொல்லும் ஆலோசனை பாதிதான் இங்கே பொருந்தும்.

மாஸ்டர் எனக்கு ஒரு முறை ஒரே கார்ட்டை இரண்டு பருவத்தில் காட்டினார். 14ஆம் இலக்கம், ரைச்சு, பளபளப்புத் தாள் உள்ளது. வேண்டுமென்றே உறையில்லாமல் புத்தக அலுமாரியில் வைத்திருந்தார். மார்கழி மழையில் அதை மேசையில் படம் மேலே தெரிய வைத்தபோது, நான்கு ஓரமும் மேலெழும்பித் தோணி மாதிரிக் கிடந்தது. ஆடியில் கச்சான் காத்து வீசி முற்றத்துத் தென்னோலை சரசரக்கும் நாளில் அதே கார்ட் நடு எழும்பி, ஓரம் மேசையைத் தொட்டுக் கிடந்தது. முன்பக்கத்துப் பளபளப்புத் தாள் ஈரத்தை இழுக்காது, பின்பக்கத்துக் காகிதம் இழுக்கும். மழையில் காகிதம் ஊதி நீள, கார்ட் படத்தின் பக்கம் வளைகிறது. கச்சானில் காகிதம் காய்ந்து சுருங்க, மறுபக்கம் வளைகிறது. வருடம் தோறும் இப்படி மாறி மாறி வளைந்தால் ஒரு நாள் தாளுக்கும் காகிதத்துக்கும் இடையில் பிடிப்பு விட்டுவிடும்.

ஆகவே அவருடைய அல்பம் காற்றுப் புகாத பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானி, 45க்கும் 50க்கும் இடையில் நின்றால் நிம்மதி. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து மாதத்துக்கு ஒரு தரம் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுகிறார். ஒவ்வொரு கார்ட்டும் முதலில் மெல்லிய உறைக்குள், பிறகு ஒன்பது பை உள்ள தாளுக்குள். உறையும் தாளும் பொலிப்ரொப்பிலீன். கடைகளில் கிடைக்கும் பழைய பி.வி.சி. பைகள், மோந்து பார்த்தால் புதுப் பாய் விரிப்பு மாதிரி நெடி அடிக்குமே, அவை வெயில் காலத்தில் எண்ணெய் கசிந்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நெடி வந்தால் வாங்கக் கூடாது, அவ்வளவுதான் சோதனை.

இந்த இடத்தில் லெமினேட் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் பிறப்புச் சாட்சிப்பத்திரம் முதல் காணி உறுதி வரை எல்லாவற்றையும் லெமினேட் செய்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. தண்ணீரில் எல்லாம் போன சனங்கள் வேறென்ன செய்வார்கள்? அதே கையோடு பிள்ளைகளின் கார்ட்டுகளையும் லெமினேட் செய்துவிடுகிறார்கள். சூட்டில் பசை உருகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது, சேகரிப்பாளர் பார்வையில் அந்தக் கார்ட் முடிந்தது. ஒரு முறை கல்லடித் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, இல்லாமல்போன தம்பியின் கிரிக்கெட் படங்கள் என்று பதினொன்றை லெமினேட் செய்து கொண்டுவந்து, இதைப் பிரித்து எடுக்கலாமா என்று கேட்டார். மாஸ்டர் நெடுநேரம் பார்த்தார். "பிரிக்க வேணாம் அக்கா. இது இப்பிடியே இன்னும் அம்பது வரிசம் இரிக்கும்" என்றார். சந்தை விலை பற்றி வாயே திறக்கவில்லை. எந்தக் கார்ட்டிடம் எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் அறிவுதான்.

கண்ணாடியும் காசும்

கடைத்தெருவில் தங்க நிறத்தில் பிளாஸ்டிக் போக்கிமோன் கார்ட்டுகள் கட்டுக் கட்டாக விற்கின்றன. அவை போலி. ஆனால் அவற்றால் யாரும் ஏமாறுவதில்லை, பிள்ளைகள் விளையாடட்டும். ஏமாற்றுபவை காகிதத்தில் வரும் போலிகள். அவற்றுக்கு மாஸ்டரிடம் பத்து மடங்கு பெருப்பிக்கும் ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. அதன் கீழே அசல் கார்ட்டின் படம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாக அடுக்கியதாகத் தெரியும். கறுப்பு எழுத்து மட்டும் புள்ளியே இல்லாமல் முழுக் கறுப்பாக, ஓரம் வெட்டியது போல இருக்கும், அது தனியாக அச்சேறியது. அசலைப் படம் பிடித்து மறுபடி அச்சிட்ட போலியில் எழுத்தும் புள்ளியாக உடைந்து ஓரம் தும்பு பறக்கும். இதற்கு மேல் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் அசலின் நடுவில் மெல்லிய கருங்கோடு ஓடும். கார்ட்டின் இரு முகத்துக்கும் இடையில் ஒளி ஊடுருவாமல் வைத்த அடுக்கு அது.

தரம் போட்டு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனங்களுக்கு ஏன் அனுப்புவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். போக வரத் தபால் செலவே ஒரு காரணம். இன்னொன்று, கூட்டுக்குள் இருப்பதால் உண்மை மாறாது. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன் முதலில் தரம் போட்டது ஒரு வாக்னர் கார்ட்டுக்கு. பத்துக்கு எட்டுக் கொடுத்தார்கள். அதன் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக, அதை முன்பு விற்ற வியாபாரி 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தரம் போடுவதை நான் பழிக்கவில்லை. தூர தேசத்து ஆளிடம் முகம் பாராமல் வாங்குகிறவருக்கு அது உதவி. தன் கண்ணைப் பழக்காமல் கூட்டை நம்புவதைத்தான் பழிக்கிறேன்.

2020, 2021இல் உலகமெங்கும் கார்ட் விலை ஏறியபோது இங்கேயும் சில இளைஞர்கள் பிரிக்காத பெட்டிகளாக வாங்கி அடுக்கினார்கள். அதில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். நேர்மையான பிள்ளை, கணக்கு வழக்கு சுத்தம். ஆனால் அவரிடம் எந்தப் பெட்டிக்குள் என்ன தொகுதி என்று கேட்டால் போனைத்தான் பார்ப்பார். அவர் வியாபாரி, அதில் ஒரு பிழையும் இல்லை. 2022இல் ரூபாய் விழுந்து, டொலருக்கு இருநூறு கொடுத்த இடத்தில் முன்னூற்றி அறுபது கொடுக்க வேண்டி வந்தபோது அவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வேறு தொழில் பார்த்தார். மாஸ்டரும் அந்த வருடம் ஒன்றும் வாங்கவில்லை. பெற்றோல் வரிசையில் நின்ற நேரங்களில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பதினேழு வருடத்துப் பதிவுகளைப் பிரதி எடுத்து எழுதினார். அந்த வருடம் சேகரிப்பு ஒரு கார்ட்டாலும் கூடவில்லை. ஆனால் நின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

மேசைக்குத் திரும்புவோம்

அந்தப் போயா நாளில் மாஸ்டரின் கொப்பியில் ஒரே ஒரு இலக்கத்துக்கு நேரேதான் பேனைக் கோடு இல்லை. 15, வீனசோர். அதன் குட்டி வடிவமான 44ஆம் இலக்கம் புல்பசோர் இருக்கிறது. நடு வடிவமான 30ஆம் இலக்கம் ஐவிசோர் இரண்டு இருக்கிறது. முழு வளர்ச்சி அடைந்த 15 மட்டும் இல்லை. எல்லோரும் தேடும் 4ஆம் இலக்கம் சாரிசார்ட் எப்போதோ கிடைத்துவிட்டது. அதைத் தேடுகிறவர்கள் அதிகம் என்பதால் விற்கிறவர்களும் அடிவரியைத் தெளிவாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். 15இன் அடிவரியை யாரும் காட்டுவதில்லை.

மாஸ்டர் அறுபது கார்ட்டையும் ஒவ்வொன்றாக, ஓரத்தில் பிடித்து, துணி விரித்த மேசையில் அடுக்கினார். தகப்பன் சொன்ன முத்திரைக் கார்ட் வந்தது. 8ஆம் இலக்கம், மச்சாம்ப். படத்தின் கீழே இடது பக்கத்தில் முதலாம் பதிப்பு என்ற கறுப்பு வட்டம். பொய் இல்லை, முத்திரை உண்மையானது, கார்ட்டும் அசல்.

அடுத்த வரிசையில் 15 வந்தது. மாஸ்டரின் கை அந்த இடத்தில் நின்றது. அடிவரியைக் கண்ணாடி இல்லாமலே வாசித்திருப்பார். எனக்கும் தெரிந்தது, 1999–2000. ஒரு மூலை மட்டும் வெள்ளை விழுந்திருந்தது. அவர் அதை மற்றவற்றோடு சேர்த்து அதே இடைவெளியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

முடித்த பிறகு உள்ளே போய்த் தன் உபரிப் பெட்டியிலிருந்து மூன்று கார்ட்டைக் கொண்டுவந்து தகப்பன் முன்னால் வைத்தார். மூன்றும் மச்சாம்ப். மூன்றிலும் அதே முத்திரை.

"ஐயா, மற்றக் கார்ட்டெண்டா இந்த முத்திரைக்குப் பெரிய பெறுமதி. இது பைக்கற்றில வாற கார்ட் இல்ல. ரெண்டு பேர் விளையாடிப் பழகிற தொடக்கப் பெட்டிக்குள்ள வந்தது. அந்தப் பெட்டிய முத்திரையோடயே தொடந்து அடிச்சிக்கிட்டே இருந்தவங்க. அதால இது நிறைய இரிக்கு. எனக்கிட்டயே மூண்டு இரிக்கு, பாருங்க."

தகப்பனின் முகம் மாறியது. பெட்டியை நம்பி எதற்கோ கணக்குப் போட்டிருக்கிறார் என்று விளங்கியது. "அப்ப நெட்ல போட்டிரிக்கிறது பொய்யா?" என்றார். கேட்கும் விலையும் விற்ற விலையும் வேறு என்று மாஸ்டர் விளக்கப் பார்த்தார். அவர் கேட்கும் நிலையில் இல்லை. விலையைக் குறைத்து வாங்கத்தான் இந்தக் கதை என்று நினைத்திருக்க வேண்டும். கார்ட்டுகளை வாரிப் பெட்டிக்குள் போட்டார். பையன் "மெதுவா அப்பா... மெதுவா" என்று தடுமாறினான். ரப்பர் பட்டியைத் தேடிய தகப்பனின் கையை மட்டும் அவன் பிடித்துக்கொண்டான். போய்விட்டார்கள். 15ஆம் இலக்கமும் கல்முனை பஸ்ஸில் போனது.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். மச்சாம்ப்புக்கு ஒரு தொகையைக் கொடுத்து முழுப் பெட்டியையும் எடுத்திருக்கலாம், யாருக்கும் நட்டமில்லை என்றேன். குறைந்தது 15 ஒன்றையாவது முதலில் தனியாக விலை பேசியிருக்கலாம் என்றேன். மாஸ்டர் பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்து இருந்தார்.

"முதல்ல பதினைஞ்சக் கேட்டா, மறுகா நான் எட்டப் பத்திச் சொல்றத அந்த மனிசன் எப்பிடி நம்புவார்?"

அதோடு விட்டுவிட்டார். இதை நான் பிறகு பலமுறை யோசித்தேன். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கார்ட்டுகளைக் கருத்தோடு சேர்க்கிறவர்களை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். கடையில்லை, சந்தையில்லை, மாற்றிக்கொள்ள ஆள்தான் வேண்டும். ஒரு தரம் வாய்ச்சொல் கெட்டால் அந்த ஆளும் இல்லை. ஆனால் மாஸ்டர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அப்படிச் செய்தார் என்று நான் எழுத மாட்டேன். அவருக்கு அது இயல்பாக வந்தது.

மூன்று கிழமை கழித்து

பையன் திரும்பி வந்தான். தாய் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் வந்த நாள், அவரையும் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டி வந்திருந்தான். தகப்பன் கொழும்பில் இருவரிடம் படம் அனுப்பிக் கேட்டாராம், இருவரும் மாஸ்டர் சொன்னதையே சொன்னார்களாம். வெட்கத்தில் வரவில்லை என்று தாய் சொன்னார். அதே நீலப் பெட்டிதான். உள்ளே ரப்பர் பட்டி இல்லை. பழைய வாழ்த்து அட்டைகளை அளவாக வெட்டி, கார்ட்டுக்கு இடையில் ஒவ்வொன்றாக வைத்திருந்தான்.

அவன் கேட்டது ஒரே கேள்வி. "சேர், இதில எத்தின ஒரே அச்சு?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அடிவரியைப் பற்றி அன்றைக்கு யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மேசையில் மாஸ்டரின் கண் எங்கே போனது என்று அவன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

இருவரும் பாயில் இருந்து பிரித்தார்கள். 31 கார்ட் 1999–2000. மாஸ்டர் புதுச் சீ.ஆர். கொப்பி ஒன்றைக் கொடுத்து, 1 முதல் 102 வரை அவனையே எழுதவைத்தார். கையெழுத்துப் பரவாயில்லை. எழுதி முடித்து அவன் தன் 31 இலக்கத்துக்கும் கோடு போட்டான். 44க்குக் கோடு. 15க்குக் கோடு. 30 வெறுமை. மாஸ்டர் தன் இரண்டு ஐவிசோரில் மூலை நல்லதாக இருந்ததை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தார். பையன் பதிலுக்கு எதைத் தருவது என்று பெட்டியைக் கிண்டினான். மாஸ்டர் இரண்டாக இருந்த ஒரு சாதாரண வட்டக் கார்ட்டை எடுத்துக்கொண்டு, கணக்குச் சரி என்றார்.

அவர்கள் போன பிறகு, 15ஐ ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"கேட்டிருந்தாத் தந்திருப்பான். அதான் கேக்கல்ல."

இப்போது அவன் தாயின் போனிலிருந்து வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறான். ஒரு கார்ட்டுக்கு ஐந்து படம்: முன், பின், அடிவரி, மூலைகள், சரித்துப் பிடித்து வெளிச்சம் விழுந்தது. மாஸ்டர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. போன கிழமை வந்த செய்தி, "சேர் 52ம் 63ம் கிடைச்சிட்டு. 36 ஆயிட்டு. உங்களுக்கு இன்னும் எது இல்ல?"

மாஸ்டர் பதில் எழுதவில்லை. அல்பத்தின் இரண்டாம் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். 10, 11, 12 மேல் வரிசை. 13, 14 நடு வரிசை. அதன் வலது ஓரத்துப் பை வெறுமையாக இருந்தது, மின்குமிழ் வெளிச்சம் அந்தப் பையில் மட்டும் பட்டுத் தெறித்தது. போனை என்னிடம் தந்து, "அவனுக்கு 58 ஒண்டு என்னட்ட உபரியா இரிக்கெண்டு எழுதிவிடு" என்றார்.